‘ஆய்வில் தெரியவந்துள்ளது’ என்றால் நம்பிவிடலாமா?

மனித மனத்தைப் பற்றிய ஆய்வுச் செய்தி ஏதாவது ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘ஆய்வில் தெரியவந்துள்ளது’ என்று போட்டுவிட்டால் மறுத்துப் பேச நமக்குத் தயக்கம். ஆனால், முடிவு எதுவானாலும் அது எப்படித் திரட்டப்பட்டது என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு.

நம்பிக்கை: நிறையப் பேரைக் கேட்டால் கணிப்பு தப்பாது.

உண்மை: 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பதில் போட்டார்கள். வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை அடித்துச் சொன்னது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிவிட்டார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தம் வாட்டிய அந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல். போதாக்குறைக்கு, சீட்டு போனவர்களில் முக்கால்வாசிப் பேர் வாயே திறக்கவில்லை. மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னவர் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப்.

நம்பிக்கை: கேள்வியை எப்படிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

உண்மை: 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். ‘நொறுங்க மோதிக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். பார்த்ததோ அதே படங்கள்.

இன்னொரு சோதனையில், படம் பார்த்து ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆனாலும் ‘நொறுங்க’ என்ற கேள்வியைச் சந்தித்திருந்த 50 பேரில் 16 பேர் ‘பார்த்தோம்’ என்றார்கள். சாதாரணமாக ‘மோதிக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர். கேள்வி பதிலை மட்டுமல்ல, நினைவையும் வளைத்துவிடுகிறது.

நம்பிக்கை: இரண்டு குழுக்களை ஒப்பிட்டாலே அது சோதனை.

உண்மை: யார் எந்தக் குழுவுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும். 1930இல் ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷையரில் 10,000 பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் பால் கொடுத்து, பால் பெறாத இன்னொரு 10,000 பேருடன் ஒப்பிட்டார்கள். குழுக்கள் சமமாகத் தெரியாவிட்டால் பிள்ளைகளை மாற்றிக்கொள்ள ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. ஆரம்பத்திலேயே பால் குடிக்காத குழுவினர் உயரமும் எடையும் கூடுதலாக இருந்தார்கள். மெலிந்த பிள்ளைகளைக் கண்டு இரங்கிய ஆசிரியர்கள் அவர்களைப் பால் பக்கம் தள்ளியிருப்பார்கள் என்றார், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் வில்லியம் காசெட். பிள்ளைகளை உடையோடு நிறுத்ததையும் அவர் சுட்டிக்காட்டினார்: பிப்ரவரியில் கனத்த குளிர் உடை, ஜூனில் மெல்லிய கோடை உடை. குளிர் உடை நிறைய வைத்திருந்த வசதியான பிள்ளைகள், உடம்பு குறையாமலே எடை குறைந்தவர்களாகத் தெரிந்திருப்பார்கள். 20,000 பேர் வேண்டாம், 50 ஜோடி ஒத்த இரட்டையர் இருந்தாலே இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்பது அவர் கட்சி.

நம்பிக்கை: ஆய்வாளர் நேர்மையானவர் என்றால் முடிவும் நேர்மையானது.

உண்மை: 1963இல் வெளியான, உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் ரோசன்தால், கெர்மிட் ஃபோட் நடத்திய ஆய்வில், வழி கற்றுக்கொடுக்கச் சொல்லி 12 மாணவர்களிடம் எலிகள் கொடுக்கப்பட்டன. பாதிப் பேரிடம் ‘இவை சூட்டிகையான இனம்’ என்றும் மீதிப் பேரிடம் ‘இவை மந்தமான இனம்’ என்றும் சொன்னார்கள். உண்மையில் எல்லாம் ஒரே ரக எலிகள். ஆனாலும் ‘சூட்டிகை’ எலிகளே வழி கற்பதில் முந்தின. அவற்றை வைத்திருந்தவர்கள் கூடுதலாகத் தொட்டு, பதமாகக் கையாண்டதாகச் சொன்னார்கள். யாரும் வேண்டுமென்று தில்லுமுல்லு செய்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்பார்ப்பே கையின் பதத்தை மாற்றப் போதும். அதனால்தான் கவனமான சோதனைகளில், எந்தக் குழு எது என்பதைப் பங்கேற்பவரிடம் மட்டுமல்ல, அளந்து குறிப்பவரிடமும் மறைத்துவிடுகிறார்கள்.