பல்லைப் பிடித்துப் பார்

பலமனேர்

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பாலிசிக் காகிதத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தேன். "தெரிந்தவர்தான் பெரியப்பா, நம்ம ஊர்க்காரர், கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நானும் வாத்தியார், நீயும் டீச்சர். ஆனால் ஆந்திராவில் 2004 செப்டம்பர் 1 முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. பஞ்சப்படி ஏறினால் அதுவும் ஏறுகிறது. ஷேர் மார்க்கெட் விழுந்தால் எனக்குத் தூக்கம் கெடாது. உனக்கு சிபிஎஸ் என்னும் பங்களிப்பு பென்ஷன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம் உன்னிடம் பிடிக்கிறார்கள். அரசு தன் பங்காக 10 சதவீதம் போடுகிறது. ஓய்வு பெறும்போது சேர்ந்திருப்பதில் 60 சதவீதம் வரை கையில் வரும். மீதி 40 சதவீதத்தில் ஆன்யுட்டி வாங்கினால்தான் மாதப் பணம். எவ்வளவு சேரும் என்று இன்றைக்கு எவராலும் சொல்ல முடியாது. சிபிஎஸ்ஸை ரத்து செய்வோம் என்று 2019 தேர்தலில் வாக்குக் கொடுத்தார்கள். 2023-ல் அதற்குப் பதிலாக ஜிபிஎஸ் என்னும் உத்தரவாத பென்ஷனுக்கு ஒரு சட்டம் வந்தது. பழைய பென்ஷனுக்காக ஆசிரியர் சங்கத்தார் போராடட்டும், நீயும் கூடப் போ. கணக்குப் போடும்போது மட்டும் அது வராது என்றே போடு.

ஆகவே உன் முதுமைக்கு நீதான் பொறுப்பு. அதனால்தான் உனக்கு யோசனை சொல்ல இத்தனை பேர் வருகிறார்கள்.

தெரிந்தவரை நம்புவது என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அக்ரி கோல்டு. அந்தக் கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். விஜயவாடாவைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி. பணம் கட்டு, மனை தருகிறோம், இல்லாவிட்டால் நல்ல வட்டியோடு திருப்பித் தருகிறோம் என்றார்கள். ஆந்திரா, தெலங்கானா, தமிழ்நாடு, கர்நாடகா என்று பல மாநிலங்களில் 32 லட்சம் பேருக்கு மேல் கட்டினார்கள். கட்டிய பணம் 6,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2015 வாக்கில் எல்லாம் நின்றுபோனது. பிறகு ஆந்திர அரசு 2019-லும் 2021-லும் சிறு முதலீட்டாளர்களுக்கு 20,000 ரூபாய் வரைக்கும் கொடுத்தது. அதற்கு மேல் போட்டவர்கள் கோர்ட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேரிடம் பணம் வாங்கியது வெளியூர்த் திருடன் இல்லை அம்மாடி. பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றுவிட்ட மச்சான், கூட வேலை பார்த்தவர். அவர்களும் கம்பெனியை நம்பித் தங்கள் பணத்தையும் போட்டவர்கள்தான். தெரிந்தவர் என்பது அவருடைய குணத்துக்குச் சாட்சி. அவர் கொண்டு வந்த காகிதத்துக்குச் சாட்சி ஆகாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். உன் பெரியம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ரிட்டயர் ஆன பணம் வந்த மாதம் ஒரு வங்கியில் என்னை ஏசி அறையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, "சார், இது டெபாசிட் மாதிரிதான், வட்டி கொஞ்சம் கூட" என்றார்கள். ஒரு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருஷம் இரண்டாம் பிரீமியம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பத்து வருஷம் கட்ட வேண்டிய இன்ஷூரன்ஸ் பாலிசி அது. முப்பது வருஷம் பிள்ளைகளிடம் "கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுது" என்று சொன்னவன் நான். இப்போது பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம். அதை நினைவில் வை.

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைச் சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். தரகர் கெட்டவர் இல்லை, அவர் இல்லாமல் சந்தை நடக்காது. ஆனால் மாடு கைமாறினால்தான் அவருக்குக் கூலி. "இந்த மாடு உனக்கு வேண்டாம், வீட்டுக்குப் போ" என்று சொல்ல அவருக்கு வழியில்லை. பாலிசி ஏஜென்டும் மியூச்சுவல் ஃபண்டு விற்பவரும் அப்படித்தான். "இதில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேள். நேர்மையானவர் சொல்லிவிடுவார். முகம் சுளித்தால் அதுவே பதில்.

கமிஷன் வாங்காமல், உன்னிடம் மட்டும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2013 முதல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அவர்களைத் தனியாகப் பதிவு செய்கிறது. பதிவு எண் ஐஎன்ஏ என்று தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நம் ஊரில் கிடைக்காவிட்டால் வீடியோ காலில் பேசு. ஒரு தடவை ஃபீஸ் கொடுக்க மனசு வலிக்கும். கொடுக்காமல் விட்டால் எவ்வளவு வலிக்கும் என்று கணக்குப் பார்ப்போம். மாதம் 5,000 ரூபாய், 25 வருஷம். நீ போடுவது 15 லட்சம். வருஷத்துக்கு 10 சதவீதம் வளர்ந்தால் சுமார் 66 லட்சம். அதில் 1 சதவீதம் கமிஷனாகப் போய் 9 ஆனால் சுமார் 56 லட்சம். ஒரே ஒரு சதவீதம், பத்து லட்சம். மியூச்சுவல் ஃபண்டில் 2013 முதல் டைரக்ட் பிளான் இருப்பது இந்தக் கமிஷனை மிச்சம் பிடிக்கத்தான். 10 சதவீதம் நிச்சயம் வருமா என்றால் வராமலும் போகலாம். போகும் கமிஷன் மட்டும் நிச்சயம்.

எதில் எவ்வளவு போடுவது என்பதற்கு நம் பக்கத்து விவசாயியைப் பார். தக்காளி ஒரு மாதம் தங்கம், மறுமாதம் ரோட்டோரத்தில் கொட்டிக் கிடக்கும். அதற்காகத் தக்காளியை விட்டுவிடுகிறாரா? இல்லை. ஆனால் எல்லா நிலத்திலும் தக்காளி வைப்பதில்லை. ஒரு பக்கம் பட்டுப்பூச்சிக்கு மல்பெரி, கொட்டகையில் இரண்டு மாடு. தக்காளி கவிழ்ந்தாலும் பால் பில் வந்துவிடும். பிபிஎஃப்பும் தபால் ஆபீஸ் சேமிப்பும் உன் பால் பில். இண்டெக்ஸ் ஃபண்டு உன் தக்காளி. பத்து வருஷத்துக்குத் தொடாத பணம் மட்டும் அதில் போகட்டும். ஆறு மாதச் செலவுப் பணம் வங்கியில் இருக்கட்டும். குடும்பத்துக்கு டெர்ம் இன்ஷூரன்ஸ் தனியாக எடு; சேமிப்பையும் இன்ஷூரன்ஸையும் ஒரே பானையில் போடாதே. வருஷத்துக்கு ஒரு தடவை சிபிஎஸ் பணம் சேரும் உன் பிரான் கணக்கைத் திறந்து, உன் பங்கும் அரசின் பங்கும் சேர்ந்திருக்கிறதா, நாமினி பெயர் சரியா என்று பார். மற்ற நாட்களில் பார்க்காதே. செடியைத் தினமும் பிடுங்கி வேர் பார்ப்பவனுக்குக் காய் கிடைக்காது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இலவசமாக வரும் பண யோசனைக்கு அந்தப் பழமொழி செல்லாது. அதைத்தான் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே. "பெரியப்பாவிடம் காட்ட வேண்டும்" என்று பழியை என் மேல் போட்டுவிடு, அந்த ஊர்க்காரரோடு உனக்கு மனஸ்தாபம் வராது. ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை எடுத்துக்கொண்டு வா. ஒவ்வொரு வரியாக நீயே சத்தமாகப் படி. உனக்குப் புரியாத வரி ஒன்று இருந்தாலும் அந்தப் பாலிசி வேண்டாம்.

அன்புடன்,
உன் பெரியப்பா