வேர்ச்சிறுகணுப் பற்றீரியா தன் தொழிலை இழப்பதேன்?

போஞ்சி விதையுடன் பற்றீரியாப் பொடியைக் கலந்து நட்ட கமக்காரர் சிலர், பூக்கும் பருவத்திற் செடியைப் பிடுங்கிப் பார்த்து, வேரில் ஒரு சிறுகணுவேனும் இல்லையென முறையிடுவதுண்டு. பெரும்பாலும் பொடியிலிருந்த பற்றீரியா வெப்பத்தால் இறந்தமையே காரணமாகும். ஆயினும், பற்றீரியா உயிரோடிருந்தும் சிறுகணு தோன்றாதிருத்தல் கூடும்.

பற்றீரியாவின் அன்றாட வாழ்வுக்கு வேண்டிய பரம்பரையலகுகள் அதன் நிறமூர்த்தத்தில் உள்ளன. சில பற்றீரியாக்களில், அதற்குப் புறம்பாக, வளையம் போன்ற இழைகளும் உண்டு. இவற்றைப் பிளாசுமிட்டு என்பர். போஞ்சி வேரிற் சிறுகணுவை உண்டாக்கி, வளியிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் திறமை றைசோபியத்தின் பெரிய பிளாசுமிட்டு ஒன்றிலேயே தங்கியுள்ளது. (சோயா அவரைக்குரிய இனத்தில் அது நிறமூர்த்தத்தில் உள்ளது, ஆதலால் இவ்வாறு நழுவுவதில்லை.)

பற்றீரியா இரண்டாகப் பிரியும்போது பிளாசுமிட்டும் இரட்டித்து இரு கலங்களுக்கும் பங்கிடப்படல் வேண்டும். பெரிய பிளாசுமிட்டு ஒரு கலத்தில் ஒன்றிரண்டே இருக்குமாதலின், பங்கீடு தவறினால் ஒரு கலம் வெறுமையாகிவிடும். அது சாவதில்லை, சுமை குறைந்தமையால் சிலவேளை மற்றதினும் விரைந்து பெருகும்.

இத்தவறு வழக்கத்தில் அரிது. வெப்பம் அதனை மிகுவிக்கும். பழமரங்களிற் கழலை உண்டாக்கும் அகுரோபற்றீரியம் இதற்குச் சான்று. அதன் நோயாக்குந் திறமை பெரிய பிளாசுமிட்டொன்றில் உள்ளதென்பதைப் பெல்சியத்தின் கென்ற் நகர ஆய்வாளர் 1974 இல் வெளியிட்டனர். அதன் வகையொன்றை 37 பாகை சதமவளவையில் வளர்த்தபோது, பிளாசுமிட்டை இழந்த கலங்கள் நன்றாகப் பெருகின. கழலை மட்டும் உண்டாக்கவில்லை. றைசோபியத்தின் சில வகைகளும் வெப்பத்தில் இவ்வாறே தொழிலை இழக்கின்றன.

தேவை உள்ளவிடத்துப் பிளாசுமிட்டு நிலைக்கும். தக்காளி, மிளகாய் என்பவற்றில் இலைப்புள்ளி நோயை உண்டாக்கும் பற்றீரியாவிற் சிலவகை, செம்பைத் தாங்கும் பிளாசுமிட்டை உடையன. செம்பு மருந்தை ஓயாது தெளிக்குமிடத்து அவையே பிழைத்துப் பெருகும். மருந்து தவறெனக் கமக்காரர் கடைக்காரரை நோவது வழக்கம்!

பொடிப் பையைத் தகரக் கூரையின் கீழோ அடுப்பிற்கு மேலுள்ள பரணிலோ வையாதீர்கள். இரண்டையும் நான் கண்டதுண்டு. சென்ற போகத்தில் மிஞ்சிய பொடியைச் சீனி நீரிற் பெருக்கிப் பயன்படுத்துவதும் ஆகாது. பலமுறை வளர்ப்பதால் வெறுங் கலங்களே மிகலாம், வேறு கிருமிகளும் புகும். விதையை நிழலிற் கலந்து, அன்றே நடுக.

பூக்குமுன் இரண்டொரு செடிகளை வேரறாது தோண்டிச் சிறுகணுவை நகத்தாற் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்செந்நிறமாயின் அது நைதரசனைப் பிடிக்கின்றது. மேற்கட்டு யூரியாவைக் குறைப்பது பற்றி உங்கள் போதனாசிரியருடன் பேசலாம். வெண்மையாகவோ பச்சையாகவோ இருப்பின், அதனை நம்பி யூரியாவை நிறுத்த வேண்டாம்.