தைராய்டும் சிறு இரத்தக்குழாய்களும்

ஜேடர்பாளையத்தில் காவிரி நீரை ராஜவாய்க்காலுக்கு அளந்துவிடுவது மதகு. உடலில் அவ்வேலையைச் செய்பவை நுண்தமனிகள். தைராய்டு சுரப்புநீர் அவற்றின் தசைச்சுவரைத் தளர்த்துகிறது. அது குறைந்தால், மதகு பாதி மூடியதுபோல் குழாய்கள் இறுகும். தோல் குளிர்ந்து வறளும். இரத்த அழுத்தத்தின் கீழ் எண் உயரக்கூடும். மிகுந்தாலோ குழாய்கள் விரிந்து உள்ளங்கை வெதுவெதுப்பாகி வியர்க்கும், நாடி விரையும்.

ஆகவே கீழ் எண் உயர்ந்து, சோர்வும் மலச்சிக்கலும் உடனிருப்பின் டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்வது நன்று. குறைபாடு உறுதியானால், தைராக்சின் மாத்திரையால் அழுத்தமும் பலருக்கு இறங்குகிறது. ஆனால் உடனே அன்று. சில நாளில் பயனில்லையென்று மாத்திரையை நிறுத்திவிடுவோரே எங்கள் கவலை. 6 முதல் 8 வாரங்களில் மறுபரிசோதனை செய்தே அளவை மாற்றுவோம். முதியோருக்கும் இதயநோயாளிகளுக்கும் சிறிய அளவில் தொடங்குவது வேண்டுமென்றேதான். பக்கத்து வீட்டாரின் அளவோடு ஒப்பிட வேண்டா. இரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர் சொல்லும்வரை தொடருங்கள்.