தாடை எலும்பில் ஒரு திருகு
(இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)



'பல்லு போனா சொல்லு போச்சு' என்பார்கள். எங்கள் வீட்டில் சிரிப்பும் சேர்ந்து போயிற்று. என் அப்பா கொத்தனார். சில வருஷங்களுக்கு முன் சாரம் சரிந்து விழுந்ததில் கீழ்வரிசை முன்பற்கள் மூன்று போய்விட்டன. கழற்றி மாட்டும் பல்செட் செய்து போட்டார். பேசினால் ஆடும், சோறு மென்றால் குத்தும். இப்போது அது மாடத்தில் கிடக்கிறது.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். என்னைச் சேர்க்க வந்த அன்று அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டேதான் சாரிடம் பேசினார். அது என் மனதை என்னவோ செய்தது. ஆடாத பல் வைக்க வழி உண்டா என்று தேடினேன். கிடைத்ததில் பாதி நம்ம மெஷின் ஷாப் பாடம்!

இம்ப்ளான்ட் என்பது என்ன?

பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் வைக்கும் டைட்டானியத் திருகுதான் இம்ப்ளான்ட். பெரும்பாலும் 3.5 முதல் 5 மி.மீ. விட்டம், 8 முதல் 13 மி.மீ. நீளம் இருக்கும். அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டு. அதற்கும் மேல் நம் கண்ணுக்குத் தெரியும் பல். ஆக மொத்தம் மூன்று பாகம்.

கண்டுபிடித்த கதை

1952-ல் ஸ்வீடன் நாட்டில் பெர்-இங்வார் பிரானெமார்க் என்ற மருத்துவர், எலும்புக்குள் இரத்த ஓட்டத்தை ஆராய முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை! எலும்பு அதை ஒட்டியே வளர்ந்துவிட்டது. 1965-ல் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் இப்படி நான்கு திருகுகளை வைத்தார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை, 40 வருஷத்துக்கு மேல், அவை உழைத்தன.

ஏன் டைட்டானியம்?

உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்னவாகும் என்று நமக்குத் தெரியும். கடலோரத்தில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க, நம்ம காரைக்குடி 'சிக்ரி' ஆய்வகம் மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது. வாயும் அதுபோல ஓர் உப்புத்தண்ணி இடம்தான். டைட்டானியத்தின் மேல் காற்றுப்பட்டவுடனே ஆக்ஸைடு படலம் உண்டாகிறது. கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கீறினாலும் உடனே மறுபடி மூடிக்கொள்ளும். துரு வெளியே கசியாததால் உடம்பு அதை அந்நியனாக விரட்டுவதில்லை. இந்த உலோகம் கிடைக்கும் இல்மனைட் மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலேயே அள்ளப்படுகிறது என்பது நமக்குப் பெருமை.

ட்ரில்லிங், கூலன்ட், டார்க்

எலும்பில் ஒரேயடியாகப் பெரிய துளை போடுவதில்லை. நாம் பைலட் ஹோல் போடுவதுபோல, சின்ன ட்ரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குகிறார்கள். கூலன்ட் கட்டாயம்; அது உப்புநீர். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிஷம் இருந்தாலே கெடத் தொடங்கும். கெட்ட எலும்பு திருகைப் பிடிக்காது. இறுக்குவதற்கும் கணக்குண்டு. 35 நியூட்டன்-சென்டிமீட்டர் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 10 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சுமார் 350 கிராம் எடையைத் தொங்கவிட்ட மாதிரி. அவ்வளவுதான்!

அதன்பிறகுதான் முக்கியமான வேலை: காத்திருப்பது. பிரானெமார்க் முறைப்படி கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம். இப்போது சிலருக்குச் சீக்கிரமே பல் வைக்கிறார்கள். ஆனால் எலும்பின் உறுதியைப் பார்த்துத்தான். அந்த நாட்களில் திருகு அசைந்துகொண்டே இருந்தால், சுற்றி எலும்புக்குப் பதில் வெறும் சதை நார்தான் வளரும். அப்புறம் அது நிற்காது.

இதை அப்பாவிடம் சொன்னேன். "காங்கிரீட்டு போட்ட மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரிப்பாகளா? அதே கதைதான்" என்றார். நான் நாலு நாள் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கவனிக்க வேண்டியவை

சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையும் புகையிலையும் ஆகாது. எலும்பு தேய்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பல் இல்லாத இடத்தில் எலும்பு நாளாக ஆகக் கரையும் என்பதால் ரொம்பத் தள்ளிப்போடவும் கூடாது. இம்ப்ளான்ட் சொத்தையாகாது, ஆனால் ஈறு சீழ் பிடித்தால் அதைத் தாங்கும் எலும்பு கரையும். எனவே தினமும் துலக்கியே ஆகவேண்டும்.

செலவு அதிகம்தான். நமக்குப் பக்கத்தில் புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். முதலில் அங்கே வாயைக் காட்டலாம் என்றேன். "ஒன் படிப்புக் காசை என் வாயில போடச் சொல்றியா?" என்று அப்பா கோபித்துக்கொண்டார். "காசு வேணாம்ப்பா, நீங்க புகையிலையை மட்டும் விடுங்க. மத்தது என் முதல் சம்பளத்தில் பார்ப்போம்" என்றேன். பதிலே சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதமாக மடியில் பொட்டலம் இல்லை என்று ஆத்தா சொல்கிறாள்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் வாயை மூடிக்கொண்டு பேசும் ஒருவர் இருக்கலாம். அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து இதை எடுத்துச் சொல்லுங்கள். நாம் படிக்கும் திருகும் ட்ரில்லும் அவருக்கும் பயன்படட்டும்.