எலிக்குஞ்சும் எங்கள் பிள்ளைகளின் மூளையும்

விறகு அடுக்கைப் பிரிக்கும்போது எலிக்குஞ்சுகள் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மயிர் இல்லை, கண் திறக்கவில்லை, விரல் நுனியளவுதான் இருக்கும். ஆனால் மாட்டுப்பட்டியில் பிறக்கும் கன்று சில மணித்தியாலத்துக்குள் எழும்பி நின்று மடியைத் தேடுகிறது. கன்றின் மூளை வயிற்றுக்குள்ளேயே பெரும்பாலும் தயாராகிவிட்டது. எலிக்குஞ்சின் மூளை பிறந்த பிறகுதான் கட்டி எழுப்பப்படுகிறது.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம் என்றால், பிள்ளைக்காம்பராவில் தாய்மார் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பால் குடிக்கையில கொழுகொழுன்னு இருந்த புள்ள ஐயா, நாலு வயசுல இப்பிடி ஒட்டிப்போச்சே. திங்கிறதெல்லாம் எங்க போகுது?" பெரும்பங்கு போகும் இடம் மூளை.

வளர்ந்த ஒருவரின் மூளை உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. நித்திரையிலும் அந்தச் செலவு நிற்பதில்லை. நரம்புக் கலங்கள் செய்தி அனுப்பும் ஒவ்வொரு முறையும் உப்புச்சத்து உள்ளே வந்துவிடும். அதைத் திரும்ப வெளியே இறைக்க வேண்டும். ஒழுகும் காம்பராவில் மழை ராத்திரி தண்ணீர் அள்ளி ஊற்றுகிற மாதிரி, விட்டால் நிறைந்துவிடும்.

பிறந்த எலிக்குஞ்சின் மூளையில் கலங்களுக்கிடையே தொடர்புகள் குறைவு. ஆகவே செலவும் குறைவு. 1940களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஹிம்விச் என்பவரும் கூட்டாளிகளும் இதைப் பரிசோதித்தார்கள். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளர்ந்த எலி சில நிமிடங்களில் செத்துவிட, அன்று பிறந்த குஞ்சு அரை மணித்தியாலத்துக்கும் மேலாக உயிரோடு இருந்தது. (மனிதக் குழந்தையை இப்படி நினைத்துவிடக் கூடாது. மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிதான்.) எலிக்குஞ்சுக்கு இரண்டு கிழமையளவில் கண் திறக்கும். அந்த நாட்களில்தான் தொடர்புகள் மளமளவென்று பெருகி, மூளையின் செலவும் கிடுகிடுவென ஏறுகிறது.

எரிபொருளும் மாறுகிறது. பால் குடிக்கும் குஞ்சின் ஈரல், பாலிலுள்ள கொழுப்பிலிருந்து கீற்றோன் என்ற பொருட்களைச் செய்து கொடுக்க, மூளை குளுக்கோசோடு அவற்றையும் எரிக்கிறது. பால் மறந்த பிறகு ஏறக்குறைய முழுக்கக் குளுக்கோஸ்தான். மனிதக் குழந்தையின் மூளையும் கீற்றோனை நன்றாகப் பயன்படுத்தும்.

மனிதப் பிள்ளைக்கு இந்த ஏற்றம் இரண்டு கிழமையில் முடிவதில்லை, வருடக்கணக்கில் போகிறது. 1987இல் அமெரிக்காவில் சுகானி என்ற வைத்தியரும் கூட்டாளிகளும், மூளை எரிக்கும் குளுக்கோசைப் படமெடுத்துக் காட்டும் கருவியால் குழந்தைகளைப் பார்த்தார்கள். மூன்று நான்கு வயதில் பிள்ளையின் மூளை, அதே அளவு பெரியவர் மூளையைப் போல இரண்டு மடங்கு எரிக்கிறது. ஒன்பது பத்து வயது வரை அப்படியே இருந்து, பிறகு மெல்லக் குறைகிறது. 2014இல் குசாவா என்பவரும் மற்றவர்களும் கணக்கிட்டபோது, ஐந்து வயதளவில் ஓய்வு நேரச் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூளைக்கே போவது தெரிந்தது. உடம்பு மிக மெதுவாக வளரும் வயதும் அதுதான். மூளை பங்கை எடுத்த பிறகுதான் கைகாலுக்கு மிச்சம்.

அதற்காக "மெலிஞ்சா மெலியட்டும், எல்லாம் மூளைக்குத்தானே" என்று விட்டுவிட முடியாது. வளர்ச்சி அட்டையில் கோடு மெதுவாக ஏறலாம். படுத்துவிட்டால், இறங்கிவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டத்தான் வேண்டும்.

எங்களிடமும் ஒரு பிழை இருந்தது. காலையில் பெரட்டு அவசரத்தில் வெறுந் தேத்தண்ணியோடு கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகள் ஒன்பது மணிக்கே சுருண்டு படுப்பார்கள், காரணமில்லாமல் அழுவார்கள். சோம்பேறிப் பிள்ளை, அடம்பிடிக்கிற பிள்ளை என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். சின்ன உடம்பில் சர்க்கரை இருப்பு கொஞ்சம், மூளையோ பெரிது. ராத்திரி சாப்பிட்டது விடிவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

ஆகவே மலைக்குப் போகும் அவசரத்திலும் நாலு வாய் ஊட்டிவிட்டுப் போங்கள். ராத்திரிச் சோற்றைப் பத்திரமாக மூடி வைத்திருந்தால் நன்றாகச் சுடவைத்து, பருப்பும் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயும் விட்டுப் பிசையலாம். ரொட்டி என்றால் நெத்தலிச் சம்பலோ முட்டையோ கூட இருக்கட்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம், மூளைக்கு வேண்டிய இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது. நாம் பறிக்கிற கொழுந்தைப் பற்றி நாமே இப்படிச் சொல்வது ஒரு மாதிரிதான், ஆனால் உண்மை அதுதான்.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு வேலை நேரத்தில் இருமுறை பால் கொடுக்கப் போகச் சட்டத்தில் இடமுண்டு. கொழுந்து கூடிய நாளென்று அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். யாராவது மறித்தால் எங்களிடம் சொல்லுங்கள், பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளரிடம் சொன்னாலும் எங்களுக்கு வந்து சேரும்.