தீவகத்தை எண்ணுவது எப்படி? – சமூகப் பிரச்சினைகளும் புள்ளிவிபரவியலும்

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று உள்ளது. 12ஆம் நூற்றாண்டுக்குரிய அது, ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகரைப் பற்றிப் பேசுகிறது. யானை, குதிரை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பலானால் சரிபாதி அரசுக்கு. அரசு எதை அதிகம் விரும்பியது என்பதை இந்த விகிதங்களே சொல்லிவிடுகின்றன. பொருளியல் மாணவிக்கு இது நல்ல முதற்பாடம். ஓர் எண்ணைக் கண்டால், அதன் பின்னாலுள்ள தீர்மானத்தைத் தேட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு இன்றைய தீவகத்தைப் பார்ப்போம். உயர்தர வகுப்பில் நான் வலியுறுத்தும் மூன்று கேள்விகளை இங்கு தருகிறேன்.

முதற் கேள்வி: எதனோடு ஒப்பிடுகிறோம்?

1981 குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 830,552. 2012இல் 583,882. ஏறத்தாழ 30 சதவீத வீழ்ச்சி என்று எழுதிவிடலாம். ஆனால் 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அப்பகுதியை நீக்கினால் 1981இன் தொகை 738,788. வீழ்ச்சி 21 சதவீதம். கணக்கில் பிழையில்லை, எல்லையில்தான் பிழை. இடப்பெயர்வின் துயரம் பெரிது என்பதற்காக எண்ணைப் பெருப்பிக்க வேண்டியதில்லை. பிழையான எண் ஒன்று அகப்பட்டால், உண்மையான துயரத்தையும் சந்தேகிப்பார்கள்.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டினார். பண்டைய படையொன்றில் ஆறு இலட்சம் பேருக்கு மேல் இருந்தனர் என்ற செய்தியை, அவ்வளவு பெரிய படையை அந்நாடுகள் தாங்குமா என்று கேட்டு மறுத்தார்.

இரண்டாம் கேள்வி: யார் எண்ணப்படவில்லை?

1981இல் கிளிநொச்சி உள்ளடங்கிய யாழ் மாவட்டத்தில் ஏறத்தாழ 13,700 முஸ்லிம்கள் இருந்தனர். நயினாதீவிலும் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2012இல் யாழ் மாவட்டத்தில் எண்ணப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 2,100 பேர் மட்டுமே. குடிசன மதிப்பீடு ஒருவரை அவர் வழமையாக வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. ஆகவே புத்தளத்தில் வாழ்பவர் புத்தளத்தவரே. அவர் திரும்ப விரும்புகிறாரா என்பது அந்தப் படிவத்தில் இல்லை. 2,100 என்பது அன்று வசித்தவர்களின் தொகை. உரித்துடையவர்களின் தொகை அல்ல. வீட்டுத்திட்டத்தையும் பாடசாலையையும் இந்த எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கினால் என்ன நடக்கும்? ஆட்கள் குறைவு என்று வசதி வராது. வசதி இல்லை என்று ஆட்கள் வரமாட்டார்கள். போரில் வீடுவாசலை விட்டுப்போன தீவகத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாம் கேள்வி: சராசரிக்குள் யார் மறைந்திருக்கிறார்?

2012/13 வீட்டலகு வருமான செலவின ஆய்வின்படி வறுமைத் தலைக்கணிப்புச் சுட்டெண் நாடு முழுவதற்கும் 6.7 சதவீதம், யாழ் மாவட்டத்துக்கு 8.3 சதவீதம். மாதிரி ஆய்வு என்பதால் மாவட்டத்துக்குக் கீழே நம்பகமாக இறங்க முடியாது. சில ஆயிரம் மக்களே வாழும் நெடுந்தீவு அந்த 8.3இற்குள் கரைந்துபோகிறது. வறுமைக் கோடும் மாவட்டத்துக்கு ஒன்றாகவே வெளியிடப்படுகிறது. யாழ் நகரில் வாங்கும் அரிசிக்கும், குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏற்றி நெடுந்தீவில் இறக்கிய அரிசிக்கும் ஒரே கோடு. ஏற்றுக்கூலியைச் சேர்த்துப் பார்த்தால், கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பம் உண்மையில் கீழே நிற்கலாம்.

ஊருக்குள்ளும் சராசரி ஏமாற்றும். உதாரணமாகப் பத்து வீடுகளை எடுங்கள். ஒன்பது வீடுகளின் மாத வருமானம் தலா 30,000 ரூபா. பத்தாவது வீட்டுக்கு வெளிநாட்டுப் பணமும் சேர்ந்து 300,000 ரூபா. இடை 57,000, இடையம் 30,000. இதில் எது அந்த ஊர்? நாட்டை விட்டுப்போன உறவுகள் பணம் அனுப்பும் ஊர்களில் இடையத்தைக் கேளாமல் முடிவெடுக்கக் கூடாது.

ஆய்வு செய்ய விரும்பும் மாணவி தன் கிராம அலுவலர் பிரிவிலேயே தொடங்கலாம். வீட்டுப் பட்டியலைப் பெற்று எழுமாற்றாக முப்பது வீடுகளைத் தெரிவுசெய்யுங்கள். தெரிந்த வீடுகளுக்கு மட்டும் போனால் அது மாதிரி ஆகாது. வருமானத்தோடு போக்குவரத்துச் செலவு, குடிநீருக்குச் செலவாகும் நேரம், ஊரை விட்டுப்போன அங்கத்தவர்கள், அவர்கள் திரும்ப விரும்புகிறார்களா என்பதையும் கேளுங்கள். பூட்டியிருக்கும் வீட்டை விட்டுவிடாமல் 'பூட்டிய வீடு' என்று குறியுங்கள். அதுவும் ஒரு தரவு. பெயர்களை வெளியிடாதீர்கள். கிடைத்த விடைகளை அட்டவணையாக்கிப் பிரதேச செயலகத்தில் கையளியுங்கள். மாவட்டச் சராசரியில் தெரியாத உங்கள் ஊரை அந்த ஒரு தாளாவது காட்டும்.