கூலிச்சீட்டும் நிரப்புபடிவமும்

சூலூர், சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் விசைத்தறிகள் பெரும்பாலும் கூலிக்கே இயங்குகின்றன. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் தருவார். தறி உரிமையாளர் அவற்றைத் துணியாக நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவார். கொண்டு சேர்க்கும் துணிக்கு ஒரு சீட்டு எழுதப்படும். நாள், ரகம், மீட்டர், கூலி என நான்கைந்து இடங்களே கொண்ட அச்சீட்டைக் கணினியில் நிரப்புபடிவமாக அமைப்பது மிக எளிய பயிற்சியாகத் தோன்றும்.

ஆனால், ரகம் என்னும் ஓர் இடத்திலேயே பெரும்பொருள் அடங்கியிருக்கிறது. 2021 நவம்பரில் நடந்த பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்திற்கு 23 விழுக்காடும் பிற ரகங்களுக்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு என முடிவாயிற்று. அது நடைமுறைக்கு வரவில்லை என்று தறி உரிமையாளர்கள் 2022 ஜனவரியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எடுத்துக்காட்டாக, பழைய கூலி மீட்டருக்கு 10 ரூபாய் எனக் கொள்வோம். 23 விழுக்காடு உயர்ந்தால் அது 12.30, 20 விழுக்காடானால் 12.00. ரகத்தை மாற்றிக் குறித்துவிட்டால் மீட்டருக்கு 30 காசு குறையும். 4000 மீட்டருக்கு அக்குறை 1200 ரூபாய்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் போன்ற சொற்செயலிகளில் படிவக் கட்டுப்பாடுகள் என்னும் கருவிப்பட்டை உண்டு. நாளுக்குத் தேதிப்புலம், மீட்டருக்கு எண்புலம், ரகத்திற்குப் பட்டியல் பெட்டி என இடத்திற்கேற்பப் பொருத்த வேண்டும். எண்புலத்தில் சிறும, பெரும மதிப்புகளை வரையறுத்தால், 120 மீட்டர் என்பது 1200 ஆகப் பதிவாவதைத் தடுக்கலாம். வடிவமைப்பு நிலையை நிறுத்திய பின்னரே படிவத்தை நிரப்ப இயலும். பலர் இதை மறந்துவிட்டுப் படிவம் பழுதென எண்ணுவர்.

பட்டியல் பெட்டிக்கு ஒரு மதிப்பை முன்கூட்டியே இட்டுவைக்கலாம். இங்கு அதைச் செய்யாதிருப்பதே நன்று. ‘பிற ரகம்’ என்பது தானே தெரிவாகி நின்றால், நாள் முழுதும் சீட்டுப் போட்டுக் களைத்தவர் அதை அப்படியே விட்டுவிடுவார். இழப்பு தறி உரிமையாளரைச் சேரும். ‘சோமனூர் ரகம்’ என்று இட்டுவைத்தால் இழப்பு மறுபக்கம் போகும். பெட்டி வெறுமையாக இருந்தால் ஒருவர் பார்த்துத் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும்.

கணக்கிடும் வேலையை மேக்ரோவிடம் ஒப்படைக்கலாம். மேக்ரோ என்பது அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய கட்டளைகளைத் தொகுத்து, ஒரே சொடுக்கில் இயக்கும் சிறு நிரல். அடிக்குறிப்பு இடுதல், எழுத்துரு மாற்றுதல் முதலிய செயல்களைப் பதிவுசெய்தே மேக்ரோ ஆக்கிவிடலாம். ‘இந்த ரகமானால் இந்த விழுக்காடு’ என முடிவெடுக்கும் வேலைக்குப் பதிவு போதாது. பேசிக் மொழியில் நிரல் எழுத வேண்டும். விழுக்காட்டை நிரலின் பல வரிகளில் இறைக்காமல் தொடக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் எழுதிவைத்தால், கூலி மாறும்போது ஒரு வரியைத் திருத்தினாலே போதும். அந்த வரியில் பிழை நேர்ந்தால் சீட்டுகள் அனைத்திலும் அதே பிழை தவறாமல் வரும் என்பதும் உண்மை.

பிறர் அனுப்பும் கோப்பிலுள்ள மேக்ரோவை ஆராயாமல் இயக்கக் கூடாது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா என்னும் நச்சுநிரல் வேர்டு ஆவணத்தின் மேக்ரோவுக்குள்தான் ஒளிந்திருந்தது. ஆவணத்தைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலிலிருந்து முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே மின்னஞ்சலில் அனுப்பியது. இணையவழி வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022இல் கொண்டுவந்தது. லிப்ரே ஆபீஸின் மேக்ரோப் பாதுகாப்பில் நான்கு நிலைகள் உள்ளன. மிகத் தாழ்ந்த நிலையில் எந்த மேக்ரோவும் கேளாமலே இயங்கும்.

படிவத்தைப் பிடிஎப் கோப்பாக மாற்றினால் நிரப்பும் இடங்கள் நிலைத்திருக்கும்; பேசிக் மேக்ரோ உடன் வராது. ஆகவே கூலியை மேக்ரோ கணக்கிட்ட பின்னரே சீட்டை அச்சிட வேண்டும். அச்சில் மொத்தத் தொகையோடு ரகம், மீட்டர், பழைய கூலி, உயர்வு விழுக்காடு ஆகியவற்றையும் தனித்தனியே காட்டினால், தறி உரிமையாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேனாவால் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்வார்.